ஒரே வீட்டில் இரண்டு மூன்று கன்சூமர் யூனிட்: மின் ஆய்வு அறிக்கையை எழுதும் முறை

ஒற்றை கன்சூமர் யூனிட் (வீட்டின் சர்க்யூட்டுகளைப் பிரித்துக் காக்கும் பெட்டி, சுருக்கமாக போர்டு) உள்ள வீடுகளுக்கு இ.ஐ.சி.ஆர். (மின் அமைப்பின் நிலையைச் சொல்லும் ஆய்வு அறிக்கை) எழுதிப் பழகியவர்கூட, படிக்கட்டுக்கு அடியில் ஒன்று, அதன் பக்கத்தில் ஒன்று, தோட்டத்துக் கொட்டகையில் ஒன்று என மூன்று போர்டு இருக்கும் வீட்டில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றுவிடுவார். எந்த எண் எந்தத் தாளில் போகும்? மெயின் சுவிட்ச் என்று எதை எழுதுவது? ஒரு அறிக்கையா, மூன்றா? பிரிட்டனில் பி.எஸ். 7671 என்ற மின் வயரிங் விதிகளின்படி வேலை செய்யத் தொடங்கியிருப்பவர்களுக்காக அந்தக் கேள்விகளை வேலை நடக்கும் வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறோம்.

மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். மின்சாரம் வீட்டுக்குள் நுழையும் இடத்தைப் பற்றிய விவரங்கள் அறிக்கையில் ஒரே ஒரு முறை வரும். போர்டைப் பற்றியவை போர்டுக்கு ஒரு முறை வரும். இந்த இரண்டும் கலந்துவிட்டால் மீதி எல்லாம் குழம்பும்.

எத்தனை அறிக்கை?

போர்டுகளை எண்ணுவதற்கு முன் மீட்டர்களையும் சப்ளை ஃபியூஸ்களையும் எண்ணுங்கள். ஒரு சப்ளையில் இருந்து எத்தனை போர்டு கிளம்பினாலும் அது ஒரே மின் அமைப்பு, ஒரே அறிக்கை. பெரிய வீட்டை ஃபிளாட்டுகளாகப் பிரித்திருந்தால் கதை வேறு. ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் தனி ஃபியூஸ், தனி மீட்டர் இருக்கும். பொதுப் படிக்கட்டு விளக்குகளுக்கு வீட்டு உரிமையாளர் பெயரில் இன்னொரு சப்ளை இருக்கும். அவை ஒவ்வொன்றும் தனி அறிக்கை. பொது இட போர்டை ஏதோ ஒரு ஃபிளாட்டின் அறிக்கையில் சேர்த்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்த போர்டுக்கு அதன் சொந்த சப்ளையில் எடுத்த இசட்.இ. (எர்த் ஃபால்ட் சுற்றில் வீட்டுக்கு வெளியே உள்ள பகுதியின் தடை) எங்கேயும் பதிவாகாமல் போய்விடும்.

இரவு நேரக் கட்டணத்தில் ஓடும் ஸ்டோரேஜ் ஹீட்டர் போர்டு மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். தனி டெயில்ஸ் (மீட்டர் பக்கத்தில் இருந்து போர்டுக்கு வரும் தடித்த வயர்கள்), தனி மெயின் சுவிட்ச், சில வீடுகளில் தனி மீட்டர்கூட இருக்கும். ஆனால் சப்ளை ஃபியூஸ் ஒன்றே என்றால் அதுவும் இதே அறிக்கையைச் சேர்ந்ததுதான்.

கருவியைத் தொடும் முன் படம்

ஒரு வெள்ளைத்தாளில் சப்ளை ஃபியூஸில் தொடங்கி ஒவ்வொரு போர்டு வரைக்கும் கோடு போடுங்கள். சப்ளை ஃபியூஸ், மீட்டர், ஹென்லி பிளாக் (டெயில்ஸைப் பிரிக்கும் இணைப்புப் பெட்டி), டெயில்ஸ், போர்டு. ஒவ்வொரு கோட்டின் மேலும் கேபிள் தடிமனையும், அதைக் காக்கும் ஃபியூஸ் அல்லது எம்.சி.பி.யின் (தானே துண்டிக்கும் சிறு பிரேக்கர்) ஆம்பியரையும் எழுதுங்கள். எர்த்துக்குத் தனி நிறத்தில் இன்னொரு கோடு வேண்டும். போர்டு சேர்க்கப்பட்ட வீடுகளில் அசல் கோளாறு பெரும்பாலும் இந்த எர்த் கோட்டில்தான் தெரியும். இரண்டாவது போர்டின் எர்த், வீட்டின் எர்த் வயர்கள் எல்லாம் சேரும் மெயின் எர்த் டெர்மினலுக்கு வராமல் முதல் போர்டின் எர்த் பாரில் இருந்து ஒரு மெல்லிய வயரில் தொங்கிக்கொண்டிருக்கும். முதல் போர்டை யாராவது மாற்றும் நாளில் இரண்டாவது போர்டு எர்த் இல்லாமல் நிற்கும்.

படம் முடிந்ததும் போர்டுகளுக்குப் பெயர் வையுங்கள்: டி.பி.1, டி.பி.2, டி.பி.3. அதே பெயரைப் போர்டின் மூடியிலும் அழியாத லேபிளாக ஒட்டிவிடுங்கள். "கிச்சன் போர்டு", "பழைய போர்டு" போன்ற பெயர்கள் அடுத்த குடித்தனக்காரர் வந்ததும் அர்த்தம் இழந்துவிடும்.

இனி வரும் எண்களுக்கு ஒரு மாதிரி வீட்டை வைத்துக்கொள்வோம். சப்ளை டி.என்.-சி-எஸ் (எர்த்தும் நியூட்ரலும் சப்ளைக் கேபிளில் ஒரே கண்டக்டராக வரும் முறை), 100 ஆம்பியர் ஃபியூஸ். ஹென்லி பிளாக்கில் இருந்து 25 சதுர மி.மீ. டெயில்ஸ் டி.பி.1-க்குப் போகின்றன. டைம் சுவிட்ச் வழியாக டி.பி.2-க்கு ஸ்டோரேஜ் ஹீட்டர் சப்ளை. டி.பி.1-இன் எட்டாவது வழியில் இருக்கும் 32 ஆம்பியர் எம்.சி.பி.யில் இருந்து 40 மீட்டர் தூரத்துக் கொட்டகைக்கு, 4 சதுர மி.மீ. மூன்று கோர் ஆர்மர்டு கேபிள். அங்கே இருப்பது டி.பி.3.

அணைப்பதில் கவனம்

போர்டு பல இருக்கும் வீட்டில் உயிருக்கு ஆபத்தான நினைப்பு, "மெயின் சுவிட்சை அணைத்துவிட்டேன்" என்பது. டி.பி.1-ஐ அணைத்தால் டி.பி.3 சாகும், டி.பி.2 சாகாது. இன்னொன்று: பகலில் டி.பி.2-இல் மின்சாரமே இருக்காது. டெஸ்டரை வைத்தால் ஒன்றும் காட்டாது. டைம் சுவிட்ச் உள்ளே இழுத்தவுடன் அது உயிர்பெற்றுவிடும். ஆகவே காட்டாவிட்டாலும் அணைத்துப் பூட்டுங்கள். ஒவ்வொரு போர்டிலும் தனித்தனியாக, வோல்டேஜ் இண்டிகேட்டரை முதலில் நிரூபித்து, போர்டைச் சோதித்து, மறுபடியும் நிரூபித்த பிறகே கை வையுங்கள்.

இசட்.இ. எடுக்கும்போது இது இன்னும் கடுமை. அதை எடுக்க எர்த்திங் கண்டக்டரை மெயின் எர்த் டெர்மினலில் இருந்து கழற்றுகிறோம். அந்த நிமிடத்தில் எந்த போர்டாவது ஓடிக்கொண்டிருந்தால், அதன் சர்க்யூட்டுகள் எல்லாம் எர்த் இல்லாமல் ஓடுகின்றன என்று அர்த்தம். வீட்டில் உள்ள மொத்த போர்டும் அணைந்த பிறகுதான் அந்தத் திருகைத் தொடலாம். சோதனை முடிந்ததும் முதல் வேலை அதைத் திரும்பப் போட்டு இறுக்குவது. அதற்குப் பிறகுதான் சுவிட்சுகள்.

ஒரே முறை நிரப்பும் பகுதிகள்

சப்ளை விவரம், எர்த்திங் முறை, இசட்.இ., சப்ளை ஃபியூஸின் வகையும் ஆம்பியரும், மெயின் பாண்டிங் (உலோகக் குழாய்களை எர்த்தோடு இணைப்பது) ஆகியவை வீட்டுக்கு ஒரு முறை. எதிர்பார்க்கும் குறுக்குச்சுற்று மின்னோட்டத்தை லைன்-நியூட்ரல், லைன்-எர்த் இரண்டிலும் எடுத்துப் பெரிய எண்ணை எழுதுங்கள். சோலார் போன்ற வேறு மூலம் இருந்தால் அதையும் இங்கேயே குறிப்பிட வேண்டும்.

மெயின் சுவிட்ச் கட்டத்தில்தான் பலர் சிக்குவார்கள். மாதிரிப் படிவத்தில் ஒரே ஒரு இடம். நம் வீட்டிலோ சப்ளையில் இருந்து நேராக வரும் மெயின் சுவிட்ச் இரண்டு. டி.பி.1-இன் விவரத்தை அந்தக் கட்டத்தில் எழுதி, டி.பி.2-இன் மெயின் சுவிட்சை இணைப்புத் தாளில் அதே விவரங்களோடு எழுதுங்கள்: இருக்கும் இடம், தரநிலை எண், போல் எண்ணிக்கை, ஆம்பியர். டி.பி.3-இன் சுவிட்ச் இங்கே வராது. அது உள் போர்டு. அதன் தாளிலேயே வரும்.

டெயில்ஸைப் பார்க்கும்போது இரண்டாவது போர்டுக்குப் போகும் ஜோடியைத் தனியாகப் பாருங்கள். முதல் ஜோடி 25 சதுர மி.மீ. ஆக இருக்கும், பிறகு சேர்த்த ஜோடி 16 ஆகவோ 10 ஆகவோ இருக்கும். மேலே இருப்பது 100 ஆம்பியர் ஃபியூஸ். அந்த மெல்லிய டெயில்ஸை ஓவர்லோடில் இருந்து எது காக்கிறது என்ற கேள்விக்கு உங்கள் அறிக்கையில் பதில் இருக்க வேண்டும்.

போர்டுக்கு ஒரு ஜோடித் தாள்

ஒவ்வொரு போர்டுக்கும் சர்க்யூட் விவரத் தாள் ஒன்று, சோதனை முடிவுத் தாள் ஒன்று. தாளின் தலைப்பில் போர்டின் பெயர், இடம், எங்கிருந்து சப்ளை வருகிறது, அதைக் காக்கும் சாதனத்தின் வகையும் ஆம்பியரும், போலாரிட்டி, அந்த போர்டில் எடுத்த இசட்.டி.பி. (அந்த போர்டு வரையிலான எர்த் ஃபால்ட் சுற்றின் தடை), குறுக்குச்சுற்று மின்னோட்டம். சர்ஜ் பாதுகாப்புச் சாதனம் இருந்தால் அதன் வகையும், அதன் இண்டிகேட்டர் நல்ல நிலையைக் காட்டுகிறதா என்பதும்.

நம் வீட்டில் டி.பி.3-இன் தலைப்பில் "டி.பி.1, சர்க்யூட் 8" என்று இருக்கும். டி.பி.1-இன் தாளில் எட்டாவது வரியில் "டி.பி.3-க்கு சப்ளை, கொட்டகை" என்று இருக்க வேண்டும். இந்த இரண்டு வரிகளும் ஒன்றை ஒன்று சுட்டாத அறிக்கையைப் படிப்பவர், 32 ஆம்பியர் எம்.சி.பி. எதற்கு என்று தெரியாமல் கேபிளைத் தேடி அலைவார். அந்த வரியைச் சாதனங்களுக்கு நேராகப் போகும் சர்க்யூட் போல நினைத்து சாக்கெட் எண்ணிக்கை எழுதாதீர்கள். அது போர்டுக்குப் போகும் சப்ளை சர்க்யூட். டி.என். அமைப்பில் (நம் டி.என்.-சி-எஸ் அதில் ஒன்று) அதற்கு அனுமதிக்கப்படும் துண்டிப்பு நேரம் 5 வினாடி. சாக்கெட் சர்க்யூட்டுக்கு 0.4 வினாடி.

எத்தனை தாள் இணைத்திருக்கிறீர்கள் என்ற எண்ணிக்கையை அறிக்கையின் முகப்பில் எழுதும் இடம் உண்டு. அந்த இணைப்புகள் இருந்தால்தான் அறிக்கை செல்லும் என்று படிவமே சொல்கிறது. மூன்று போர்டு இருக்க, ஒரு போர்டுத் தாளோடு அனுப்பினால் அது பாதி அறிக்கை.

ஆய்வுப் பட்டியல் மட்டும் வீட்டுக்கு ஒன்று போதும். அதில் கன்சூமர் யூனிட் பற்றிய வரிகளில் மூன்று போர்டுக்கும் ஒரே கட்டம்தான் இருக்கும். டி.பி.1 நன்றாக இருந்து டி.பி.3-இன் மூடி உடைந்திருந்தால், கட்டத்தில் மோசமான முடிவை எழுதுங்கள். எந்த போர்டு என்பதைக் குறிப்புப் பகுதியில் சொல்லுங்கள். இரண்டு போர்டு நல்லது, ஒன்று கெட்டது என்று சராசரி பார்த்து டிக் போடுவது ஏமாற்று.

இசட்.இ.யைக் கொட்டகைக்குக் கொண்டுபோகாதீர்கள்

பல போர்டு அறிக்கைகளில் மிக அதிகம் காணும் எண் பிழை இதுதான். இசட்.எஸ்.ஸை, அதாவது சர்க்யூட்டின் கடைசி முனை வரையிலான எர்த் ஃபால்ட் சுற்றின் மொத்தத் தடையை, கணக்கிடும்போது எல்லா போர்டின் சர்க்யூட்டுக்கும் வாசலில் எடுத்த இசட்.இ.யையே கூட்டிவிடுவார்கள்.

மாதிரி வீட்டில் இசட்.இ. 0.18 ஓம். 4 சதுர மி.மீ. செம்பு மீட்டருக்கு 4.61 மில்லி ஓம். 40 மீட்டர் போக ஒரு கோர், திரும்ப இன்னொரு கோர்: சுமார் 0.37 ஓம். ஆர்மரும் சேர்ந்து சுமப்பதால் அளக்கும் எண் கொஞ்சம் குறைவாக வரலாம். கணக்குக்கு இது போதும். டி.பி.3-இல் இசட்.டி.பி. 0.55 ஓம். கொட்டகையில் ஒரு கம்ப்ரஸருக்காக சி வகை 20 ஆம்பியர் எம்.சி.பி. இருக்கிறது, அந்த சர்க்யூட்டின் ஆர்1+ஆர்2 (லைன், எர்த் வயர்கள் இரண்டும் சேர்ந்த தடை) 0.40 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான இசட்.எஸ். 0.95 ஓம். இசட்.இ.யைக் கூட்டியவருக்குக் கிடைப்பது 0.58.

சி வகை 20 ஆம்பியருக்கு அட்டவணை எல்லை 1.09 ஓம். குளிர்ந்த கேபிளில் அளந்த எண்ணை ஒப்பிட அதன் 80 சதவீதம், அதாவது 0.87. ஒருவர் கணக்கில் தேறுகிறது, இன்னொருவர் கணக்கில் தேறவில்லை. சர்க்யூட் ஒன்றே. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. (எர்த்துக்குக் கசியும் மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் சாதனம்) இருந்தால் எர்த் ஃபால்ட்டில் துண்டிப்பை அது பார்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் இது சி2 (ஆபத்து நேரக்கூடும் என்ற குறியீடு). அதனால் ஒவ்வொரு போர்டிலும் இசட்.டி.பி.யை நேரில் எடுங்கள். அருகருகே இருக்கும் இரண்டு போர்டாக இருந்தாலும் எடுங்கள். இரண்டுக்கும் இடையே சொல்லத்தக்க வித்தியாசம் வந்தால் எங்கோ ஒரு டெர்மினல் தளர்ந்திருக்கலாம்.

டி.பி.2-இல் பகலில் நேரடியாக எடுக்க முடியாது. ஆர்1+ஆர்2, இன்சுலேஷன் போன்ற மின்சாரம் இல்லாத சோதனைகள் அனைத்தையும் பகலிலேயே முடித்துவிடலாம். போர்டு மீட்டருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இசட்.இ.யோடு ஆர்1+ஆர்2-ஐக் கூட்டி இசட்.எஸ். எழுதலாம், ஆனால் "கணக்கிட்டது, நேரில் அளந்ததல்ல" என்று குறிப்புக் கட்டத்தில் எழுத வேண்டும். பி வகை 16 ஆம்பியருக்கு எல்லை 2.73, அதன் 80 சதவீதம் 2.18. ஸ்டோரேஜ் ஹீட்டர் சர்க்யூட்டுகள் இதில் அநேகமாகச் சுலபமாகத் தேறும். நேரில் எடுக்காத சோதனைகளை வரம்புகள் பகுதியில் காரணத்தோடு சேருங்கள்.

போர்டு தாண்டும் நியூட்ரல்

இரண்டாவது போர்டு வந்தபோது சில சர்க்யூட்டுகளை அதற்கு மாற்றியிருப்பார்கள். லைன் வயர் புதிய போர்டுக்கு வந்துவிடும், நியூட்ரல் பழைய போர்டிலேயே தங்கிவிடும். மாடிப்படி விளக்கில் கீழ் சுவிட்ச் ஒரு போர்டிலும் மேல் சுவிட்ச் இன்னொன்றிலும் இருக்கும்போது இது சாதாரணம். ஆர்.சி.டி. உள்ள போர்டில் விளக்கைப் போட்டதும் டிரிப் ஆகிக் காட்டிக்கொடுக்கும். பழைய போர்டில் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும். டி.பி.1 அணைந்திருக்கிறது என்று நம்பி நியூட்ரலைக் கழற்றுபவரின் கையில், டி.பி.2-இன் லோடு வழியாக 230 வோல்ட் வந்து நிற்கும்.

இரண்டு போர்டின் நியூட்ரல்கள் எங்கேனும் இணைந்திருந்தால் கண்டுபிடிக்கச் சுருக்கமான வழி உண்டு; லைன் மட்டும் மாறிய சர்க்யூட் இதில் தெரியாமல் போகலாம். எல்லா போர்டின் இரட்டைப் போல் மெயின் சுவிட்சையும், ஆர்.சி.டி.களையும் அணையுங்கள். மின்சாரம் இல்லை என்று நிரூபியுங்கள். ஒரு போர்டின் நியூட்ரல் பாருக்கும் அடுத்த போர்டின் நியூட்ரல் பாருக்கும் இடையே முதலில் கண்டினியூட்டியும் பிறகு 250 வோல்ட்டில் இன்சுலேஷனும் பாருங்கள். இணைப்பு இருக்கக் கூடாது. ஓரிரு ஓம் காட்டினால் எங்கோ இரண்டு போர்டின் நியூட்ரல்களும் இணைந்திருக்கின்றன. பிறகு நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எண் மாறும் வயரைப் பிடித்துவிடலாம். ஒரே போர்டில் இரண்டு மூன்று நியூட்ரல் பார் இருந்தால் ஒவ்வொரு ஜோடியையும் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் எந்தப் பல போர்டு அறிக்கையிலும் கையெழுத்துப் போடுவது சரியல்ல. கண்டுபிடித்ததை சி2 என்று எழுதத் தயங்க வேண்டாம்.

இன்சுலேஷன் சோதனையை வழக்கம்போல் 500 வோல்ட்டில், குறைந்தது 1 மெகா ஓம் என்று எடுங்கள். சர்ஜ் சாதனத்தைக் கழற்ற முடியாத போர்டில் 250 வோல்ட். டி.பி.1-இல் சோதிக்கும்போது டி.பி.3-இன் மெயின் சுவிட்ச் அணைந்திருக்கட்டும். இல்லாவிட்டால் கொட்டகையின் ஈரமெல்லாம் எட்டாவது சர்க்யூட்டின் எண்ணாக வந்து விழும்.

ஆர்.சி.டி. மேல் ஆர்.சி.டி.

டி.பி.1-இல் ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி., அதன் கீழே வரும் டி.பி.3-இல் இன்னொன்று. இப்படி இருந்தால் கொட்டகையில் எடுக்கும் நேரம் எந்த ஆர்.சி.டி.யுடையது என்று சொல்ல முடியாது. முந்திக்கொண்டது எதுவோ அதன் நேரத்தைத்தான் கருவி காட்டும். சோதனை முடிந்து எது விழுந்திருக்கிறது என்று இரண்டு போர்டிலும் பாருங்கள். மேலே உள்ளது மட்டும் விழுந்திருந்தால் அந்த எண்ணை டி.பி.3-இன் தாளில் எழுதக் கூடாது. 2022-இல் வந்த திருத்தம் 2-க்குப் பிறகு, தாமதம் இல்லாத ஆர்.சி.டி. அதன் குறிப்பிட்ட மின்னோட்டத்தில் 300 மில்லி வினாடிக்குள் துண்டிக்கிறதா என்ற ஒரே சோதனை போதும்.

சோலார் இணைக்கப்பட்ட போர்டில் ஆர்.சி.டி. இரு திசையிலும் மின்சாரம் ஓட ஏற்றதா என்று பாருங்கள். 2024 ஜூலையில் வந்த திருத்தம் 3 இதைத்தான் வலியுறுத்துகிறது. சாதனத்தின் மேல் லைன், லோடு என்று எழுதியிருந்தால் அது ஒரு திசைச் சாதனம்.

கொட்டகையில் தண்ணீர்க் குழாய்

டி.என்.-சி-எஸ் சப்ளையின் எர்த்தைக் கொட்டகைக்குக் கொண்டுபோயிருந்தால், அங்கே தரையில் இருந்து ஏறும் உலோகத் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதற்கு மெயின் பாண்டிங் வேண்டும். அது குறைந்தபட்சம் 10 சதுர மி.மீ. செம்புக்கு ஈடாக, வீட்டின் மெயின் எர்த் டெர்மினல் வரைக்கும் தொடர வேண்டும். நம் கேபிளின் 4 சதுர மி.மீ. கோர் போதாது. கொட்டகைக்கு எர்த் ராடு போட்டுத் தனி டி.டி. (சப்ளையின் எர்த்தை நம்பாமல் சொந்த ராடில் நிற்கும் முறை) ஆக்கியிருந்தால், ராடின் எண்ணை டி.பி.3-இன் தாளில் எழுதுங்கள். 200 ஓமுக்கு மேல் போனால் அது நிலையாக இருக்காது. தனி டி.டி. ஆக்கிய கொட்டகையில், வீட்டில் இருந்து வரும் ஆர்மரின் எர்த், கொட்டகை எர்த்தோடு தொடக் கூடாது.

குறியீடும் முடிவும்

குறிப்புப் பகுதியில் ஒவ்வொரு வரியும் போர்டு பெயரில் தொடங்கட்டும்: "டி.பி.3, சர்க்யூட் 2, சாக்கெட்டில் ஆர்.சி.டி. பாதுகாப்பு இல்லை." சி1 என்றால் ஆபத்து இப்போதே இருக்கிறது, சி2 ஆபத்து நேரக்கூடும், சி3 மேம்படுத்தலாம், எஃப்.ஐ. மேலும் ஆராய வேண்டும். மூன்று போர்டுக்கும் சேர்த்து முடிவு ஒன்றே. எங்கேனும் ஒரு சி1, சி2 அல்லது எஃப்.ஐ. வந்தால் மொத்த வீடும் திருப்தியற்றது. "டி.பி.1 மட்டும் திருப்தி" என்று எழுத இடமில்லை.

கொட்டகை பூட்டியிருந்தால்? வரம்பு என்று எழுதலாம், ஆனால் யாரோடு ஒப்புக்கொண்டீர்கள், ஏன் என்பதும் கூடவே இருக்க வேண்டும். வாடகை வீட்டில் ஒரு முழு போர்டையே வரம்பில் தள்ளுவதைவிட இன்னொரு நாள் போய்வருவது மேல். இங்கிலாந்தில் 2020 ஆம் ஆண்டின் தனியார் வாடகை விதிகளின்படி 5 ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆய்வு வேண்டும். ஆய்வு நடந்த 28 நாளுக்குள் குடியிருப்பவர் கையில் அறிக்கையின் பிரதி போய்ச் சேர வேண்டும். கோளாறுகளைச் சரிசெய்யவும் 28 நாள்தான். நீங்கள் அதைவிடக் குறைந்த காலம் எழுதியிருந்தால் அதுவே கெடு.

அனுப்பும் முன் அறிக்கையையும் முதலில் வரைந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கோடாகச் சரிபாருங்கள். படத்தில் உள்ள ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு ஜோடித் தாள், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வரி. அந்தப் படத்தையும் இணைத்தே அனுப்புங்கள். அடுத்த ஆய்வுக்கு வருபவர் முதலில் தேடுவது அதைத்தான்.